திருப்பிச் சொன்ன குரல்

திங்கட்கிழமை காலை எல்சா கோர்பி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்று பூட்ஸை உதறிக்கொண்டிருந்தபோது, ஏரியிலிருந்து வந்த பனி பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவள் வண்டியை விட்ட இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் இருந்தது. எதிரே இருந்த தேவாலயத்தைக் காணவே இல்லை.

உள்ளே ஈரக் கம்பளியும் பழைய காபியும் கலந்த வாசனை. அவசரப் பிரிவின் கவுன்டரில் நர்ஸ் டோனா பெர்கிலா நின்றிருந்தாள். வழக்கமாக எல்சாவுக்கு ஒரு கோப்பை காபி ஊற்றி மூடி வைத்திருப்பாள். இன்று ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. அது டோனாவின் கையில் இருந்தது.

"மார்க்கஸ் வரலையா?" என்று டோனா கேட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

"ரோட்டை மூடிட்டாங்களாம். இன்னிக்கு லேப்ல நான் மட்டும்தான்."

"நல்லதாப் போச்சு. யாரு போன் பண்ணான்னு யாருக்கும் சந்தேகம் வராது."

எல்சா படியிறங்கினாள். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்தி கல்யாணத்தில் இன்னொருத்தி தோழிப்பெண்ணாக நின்றவள். போன வியாழக்கிழமையோடு எல்லாம் போயிற்று.

லேப் கீழ்த்தளத்தில் இருந்தது. தாமிரச் சுரங்கக் கம்பெனி இந்த ஆஸ்பத்திரியைக் கட்டிய காலத்தில் அது துணி வெளுக்கும் அறை. மேலிருந்து துணி இறக்கிய சின்னத் தூக்குப் பெட்டி இன்னும் வேலை செய்தது. இப்போது அதில் ரத்தக் குழாய்கள் இறங்கின. நீராவிக் குழாய்கள் சுவருக்குள் இருமுவதுபோல் சத்தம் போடும். எல்சாவுக்கு அதெல்லாம் பழகிப்போன சத்தம்.

வியாழக்கிழமை அந்தப் பெட்டியில் ஆர்வோ சாரியின் ரத்தம் இறங்கியது. மரம் வெட்டிப் பிழைத்த கிழவர். கால் தளர்ச்சி என்று வந்தவர், மேலே நர்ஸுகளைக் கேலி செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் சிறுநீரகம் கைவிட்டிருந்ததை ரத்தம் சொல்லிவிட்டது. பொட்டாசியம் ஏழு. அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட எண் வந்தால் லேப் உடனே மேலே போன் செய்ய வேண்டும். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, எண். மறுமுனையில் இருப்பவர் மூன்றையும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியாக, பேசுவது யார் என்று கேட்டுப் பெயரைப் பதிய வேண்டும்.

அந்தக் கடைசிக் கேள்வியை இந்த ஆஸ்பத்திரியில் யாரும் கேட்பதில்லை. தும்மினாலே இன்னார் என்று தெரிகிற ஊரில், கூடப் படித்தவளிடம் போய் உன் பெயர் என்ன என்று எப்படிக் கேட்பது? எல்சா போன் செய்தாள். டோனாவின் குரல் மூன்றையும் திருப்பிச் சொன்னது. எல்சா 'டோனா' என்று பதிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

மேலே யாரும் ஆர்வோ பக்கம் வரவில்லை. மத்தியானம் சூப் குடித்துக்கொண்டிருந்தபோதே அவர் தலை சாய்ந்தது, உயிர் போய்விட்டது.

அப்படி ஒரு போனே வரவில்லை என்றாள் டோனா. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்று ஊர் பேசியது. எல்சாவுக்குத் தன் காது மேல் சந்தேகம் இல்லை. அதனால் பொய் சொல்வது யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

பத்து மணிவாக்கில் தூக்குப் பெட்டி கிரீச்சிட்டபடி இறங்கியது. எல்சா குழாயை எடுத்து ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள்.

ரெய்னோ கோர்பி.

அவள் கணவன்.

ரத்தத்தை இயந்திரத்தில் சுழலவிட்டுவிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறினாள். ரெய்னோ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலதுகைக் கட்டைவிரல் வீங்கிப் பளபளத்தது. சனிக்கிழமை ஏரியின் உறைபனியில் துளையிட்டு மீன் பிடித்தபோது தூண்டில் முள் குத்திய இடம்.

"பனிவாரி வண்டியை வாசல்லயே போட்டுட்டு வந்திருக்கேன்," என்றான் ரெய்னோ. "ரோட்டைச் சுத்தம் பண்றவன் ரோட்டை அடைச்சிட்டான்னு ஊரே திட்டப்போகுது."

"குளிருதா?"

"கொஞ்சம். நீ போட்ட காபி அப்படி."

நெற்றியைத் தொட்டாள். சுட்டது. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. டோனா மறுபக்கம் திரும்பி அவன் விரலுக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தாள். இவள் கையிலா என் புருஷனை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எல்சாவுக்கு ஒரு கணம் தோன்றியது. வேறு வழியில்லை. கீழே இயந்திரம் நின்றிருக்கும்.

லாக்டேட் இரண்டு புள்ளி ஒன்று.

உடம்புக்குள் ஏதாவது ஓர் உறுப்புக்கு மூச்சுமுட்டத் தொடங்கினால் ரத்தத்தில் ஏறுகிற பொருள் அது. ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், ரத்தம் மட்டும் உண்மையைச் சொல்லும். இரண்டைத் தாண்டினால் மேலே சொல்ல வேண்டும். தாண்டியது ஒரு மயிரிழைதான். பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எல்சா போனை எடுத்தாள்.

"அவசரப் பிரிவு," என்றது டோனாவின் குரல்.

"ரெய்னோ கோர்பி. மார்ச் ஒன்பது, எழுபத்தி மூணு. லாக்டேட் ரெண்டு புள்ளி ஒண்ணு. திருப்பிச் சொல்லு."

"ரெய்னோ கோர்பி. மார்ச் ஒன்பது, எழுபத்தி மூணு. லாக்டேட் ரெண்டு புள்ளி ஒண்ணு."

"சரி."

"ஆறு புள்ளி நாலு."

எல்சாவின் விரல்கள் போனை இறுக்கின. "என்ன சொன்ன?"

வார்டின் சத்தம் எதுவும் பின்னால் கேட்கவில்லை. காலடி இல்லை, மானிட்டரின் பீப் இல்லை, மூச்சுகூட இல்லை. பனி விழும்போது வெளியே இருக்குமே, அந்த அடைத்த அமைதி.

வியாழக்கிழமையும் ஏழு என்று திருப்பிச் சொன்ன பிறகு அந்தக் குரல் இன்னொன்று சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூஜ்யம். பக்கத்தில் யாரிடமோ பேசுகிறாள் என்று அன்று எல்சா விட்டுவிட்டாள்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யார் பேசுறது?"

மிக அருகிலிருந்து அந்தக் குரல் சொன்னது.

"பேரை நீதான் எழுதுனியே."

இணைப்பு அறுந்தது.

முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். பழிவாங்குகிறாள். என் புருஷன் உயிரை வைத்து விளையாடுகிறாள். அதே ஆத்திரத்தோடு படியேறினாள்.

கவுன்டரில் டோனாவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"என்னடி சொன்ன போன்ல?"

"எந்தப் போன்ல?"

"இப்ப. ரெய்னோவோட ரிசல்ட். ஆறு புள்ளி நாலுன்னு எதுக்குச் சொன்ன?"

டோனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மணியே அடிக்கல. இவ்வளவு நேரம் உன் வீட்டுக்காரன் விரலைத்தான் கழுவிட்டிருந்தேன். போய் அவனையே கேளு."

"கழுவுனாளா?" என்றான் ரெய்னோ திரைக்குப் பின்னாலிருந்து. "தோலை உரிச்சே எடுத்துட்டா. எங்கயும் நகரல, நகர்ந்தா நல்லாருக்கும்னுதான் நான் நெனச்சேன்."

எல்சா திரையையும் டோனாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்ப வேண்டும் போலிருந்தது. நம்ப முடியவில்லை.

"இன்னும் நான் பொய் சொல்றேன்னுதான் நினைக்கிற," என்றாள் டோனா. குரல் தாழ்ந்தது. "முப்பது வருஷப் பழக்கம், இவ்வளவுதான். சரி, நீ இங்க உட்காரு. இந்தா போன், மடியில வச்சுக்கோ. நான் கீழ போய் அதே நம்பரைப் போட்டு அதையே படிக்கிறேன். யாரு எடுக்குறான்னு பார்த்துடலாம்."

எல்சா கவுன்டரில் உட்கார்ந்தாள். போன் மடியில் கனத்தது. டோனாவின் காலடி படியில் இறங்கித் தேய்ந்து மறைந்தது. ஜன்னலில் பனி மணல்போலக் கொட்டியது.

போன் அடிக்கவில்லை.

அதை எடுத்துக் காதில் வைத்தாள். உயிரோடுதான் இருந்தது, சீராக ரீங்கரித்தது. திரும்ப வைத்தாள்.

அடிக்கவில்லை.

படியில் காலடி திரும்பி வந்தது. இறங்கிய வேகம் அதில் இல்லை. டோனா சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏண்டி இப்படிப் பண்ற?" என்றாள் மெதுவாக.

"நான் என்ன பண்ணேன்?"

"நீதானே எடுத்த. நீதானே பேசுன."

"அடிக்கவே இல்ல டோனா. கையிலயே வச்சிருக்கேன்."

"உன் குரல்." டோனாவின் கை கவுன்டரின் விளிம்பைத் தேடியது. "உன் குரல்தான். வார்த்தை வார்த்தையா திருப்பிச் சொன்ன. பேரு, தேதி, ரெண்டு புள்ளி ஒண்ணு. அப்புறம்..."

"ஆறு புள்ளி நாலு."

டோனா தலையசைத்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருடைய குரலை எதிர்பார்த்தார்களோ அந்தக் குரலிலேயே அது பேசியிருந்தது. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை யாரும் கேட்காத இடத்தில் அது எத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருந்ததோ. எத்தனை பெயர்களை வாங்கிக்கொண்டதோ.

அது எச்சரிக்கிறதா, உயிரைக் கேட்கிறதா?

எல்சாவுக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அந்த எண் இன்னும் வரவில்லை. வரப்போகிறது.

அதற்குள் டாக்டர் வான்ஸ் ரெய்னோவின் கட்டிலுக்கு வந்துவிட்டார். பாலத்துக்குத் தெற்கே வெளியூரிலிருந்து தற்காலிகமாக வந்தவர், இளைஞர். கெட்டவர் இல்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு இந்த இரண்டு பெண்களையும் ஒரே அளவில் சந்தேகித்தார்.

"விரல்ல சீழ். மாத்திரை எழுதித் தரேன், வீட்டுக்குப் போகலாம்," என்றார். ரெய்னோ ஏற்கனவே ஒரு பூட்ஸை மாட்டிவிட்டான். அவர்கள் வீடு மூன்றாவது குன்றுக்கு அப்பால் இருந்தது. இந்தப் பனியில் ஒரு தடவை போனால் திரும்பி வர முடியாது.

"டாக்டர், லாக்டேட் ரெண்டைத் தாண்டியிருக்கு," என்றாள் எல்சா.

"புள்ளி ஒண்ணுதானேம்மா."

"கிரியேட்டினின் அக்டோபர்ல எடுத்தப்ப பூஜ்யம் புள்ளி எட்டு, இப்ப ஒண்ணு புள்ளி மூணு. ரத்தத் தட்டணு அப்ப இருந்ததுல பாதிக்கு வந்துடுச்சு. சிறுநீரகம் திணறுது டாக்டர்."

"அதெல்லாம் எல்லைக்குள்ளதான் இருக்கு. காலையிலேர்ந்து தண்ணி குடிக்காம வண்டி ஓட்டியிருக்காரு." அவர் குரல் கொஞ்சம் இளகியது. "உங்க வீட்டுக்காரர், அதான் உங்களுக்குப் பயம். புரியுது."

போனில் ஒரு குரல் சொன்னது என்று எப்படிச் சொல்வது? எல்சா வாயைத் திறந்தாள்.

"டாக்டர்," என்றாள் டோனா. "அந்த ரத்தம் இவரோடதுதானான்னு எனக்கு நிச்சயமில்ல."

டாக்டர் திரும்பினார்.

"கட்டில் பக்கத்துல வச்சே பேர் ஒட்டியிருக்கணும். நான் கவுன்டருக்குக் கொண்டுபோய் ஒட்டினேன். அங்க இன்னொரு டியூபும் இருந்துச்சு. மாறிப்போயிருக்கலாம். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடணும்."

பொய். தன் வீட்டுப் பூனைக்கு ரத்தம் எடுத்தாலும் அதன் கண்ணெதிரே பெயர் ஒட்டுகிறவள் டோனா. எல்சா ஒரு அடி முன்னால் வைத்தாள். கட்டிலுக்குக் கீழே டோனாவின் கால் அவள் காலை அழுத்தி மிதித்தது.

"போன வாரம் அது, இந்த வாரம் இதா?" என்றார் டாக்டர். "இதையும் நான் மேலிடத்துக்குச் சொல்லியாகணும், தெரியும்ல?"

"தெரியும்."

"எடுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் இவர் இங்கயே இருக்கட்டும்."

அவசரமில்லாமல் எடுத்தாள் டோனா. நரம்பு கிடைக்கவில்லை என்றாள். வெந்நீர்த் துணி வைத்தாள். கையை மாற்றினாள். வேறு ஊசி தேடிப் போனாள். நோய் எண்ணில் தெரியும்வரை நேரத்தைக் கடத்துகிறாள் என்பது எல்சாவுக்கு மட்டும் புரிந்தது.

"எல்சா, இவளுக்கு என் மேல பழைய கோபம் ஏதோ இருக்கு," என்றான் ரெய்னோ. "ஸ்கூல் டான்ஸுக்கு இவளைக் கூப்பிடாம உன்னைக் கூப்பிட்டேன்ல, அதை இன்னிக்குத் தீர்த்துக்கிறா."

"கூப்பிட்டிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். உன் மீசையைப் பார்த்து நாய்கூடக் குரைச்சுது."

ரெய்னோ சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் பற்கள் அடித்துக்கொண்டன. அதை நிறுத்த முயன்றான், முடியவில்லை. "அந்த ஜன்னலை யாராவது மூடுங்க," என்றான். ஜன்னல் மூடித்தான் இருந்தது. முழங்காலில் நீலமும் சிவப்புமாக வலைபோலத் திட்டுகள் படர்ந்திருந்தன.

குழாய் இந்தத் தடவை தூக்குப் பெட்டியில் இறங்கவில்லை. எல்சா அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தானே இறங்கினாள். இயந்திரத்தின் முன் நின்று வேண்டிக்கொண்டாள். வேறு எந்த எண்ணாவது வரட்டும்.

திரையில் எழுத்துகள் வந்தன.

ஆறு புள்ளி நான்கு.

அவள் பின்னால் போன் அடித்தது.

வார்டிலிருந்து லேபுக்கு யாரும் அழைப்பதில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. எல்சா அதன் பக்கம் பார்க்காமல், சுவரோரமாக ஒட்டி நகர்ந்து, கதவைத் தாண்டியதும் ஓடினாள். படியேறி, கட்டிலுக்கு முன்னால் நின்று, டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ணைச் சொன்னாள்.

வான்ஸ் அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விரலின் கிருமி ரத்தத்தில் பரவி, ரெய்னோவின் ரத்த அழுத்தம் அந்த நிமிடமே சரிந்துகொண்டிருந்தது. மருந்து ஏறியது, உப்புநீர் பை பையாக ஏறியது. ஹெலிகாப்டர் பறக்க முடியாத நாள். அந்தச் சின்ன வார்டிலேயே மூன்று பேரும் அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் வழியிலேயே போயிருப்பான் என்று சாயங்காலம் டாக்டர் தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு, எப்படித் தெரிந்தது என்பதுபோல் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வார இறுதிக்குள் ரெய்னோ எழுந்து உட்கார்ந்து இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டி கேட்டான். டோனாவை வேலையிலிருந்து நிறுத்துவதா என்று மேலிடத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் போய் உண்மையைச் சொல்றேன்," என்றாள் எல்சா.

"என்னன்னு? ஒரு குரல் கேட்டுச்சு, அதுவும் எங்க குரலாவே இருந்துச்சுன்னா? அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்ல கட்டில் போட்டுக் கொடுப்பாங்க." டோனா அவள் பக்கம் ஒரு கோப்பை காபியைத் தள்ளினாள். மூடி வைத்திருந்தாள், சூடாக இருந்தது. "விடுடி. புருஷன் இருக்கான்ல."

அன்றிலிருந்து போனை இருவரும் தொடவில்லை. எந்த முடிவானாலும் எல்சா படியேறி வருவாள். நேருக்கு நேர் நின்று சொல்வாள். டோனா திருப்பிச் சொல்வாள். கண்ணைப் பார்த்துக்கொண்டு, உதட்டைப் பார்த்துக்கொண்டு. நடுவில் எதுவும் நுழைய இடமில்லை.

சனிக்கிழமை ரெய்னோவின் கடைசி ரத்தப் பரிசோதனை முடிந்தது. வெளியே பனி விட்டிருந்தது. வெயில் பட்ட வெண்மை கண்ணைக் கூச வைத்தது. எல்சா சிரித்துக்கொண்டே படியேறி வந்தாள். ரெய்னோ தூங்கிக்கொண்டிருந்தான். கட்டிலின் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் டோனா.

"ரெய்னோ கோர்பி. மார்ச் ஒன்பது, எழுபத்தி மூணு," என்றாள் எல்சா. "லாக்டேட் ஒண்ணு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் டோனா."

டோனா திருப்பிச் சொல்லவில்லை.

"என்னடி? சொல்லு."

"எல்சா." டோனாவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "ரெண்டாவதா சொன்னது என்ன?"

"ரெண்டாவது ஏதும் சொல்லலையே. ஒண்ணுதானே சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன்."

"அதுக்கப்புறம்."

"அதுக்கப்புறம் ஒண்ணுமே சொல்லல."

டோனா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பேரும் பிறந்த தேதியும் சொன்ன," என்றாள். "அது என் பேரு. என் தேதி. அப்புறம் ஒரு நம்பர்."

"என்ன நம்பர்?"

டோனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இடதுகைச் சட்டையை மடிப்பு மடிப்பாக முழங்கைக்கு மேல் ஏற்றினாள். கையைக் கட்டிலின் விளிம்பில் நீட்டினாள்.

"எடு," என்றாள்.

எல்சா ரப்பர் பட்டையைக் கட்டினாள். விரலால் தடவி நரம்பைத் தேடினாள். டோனாவின் தோல் பழைய தோழியின் தோலாக, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஊசி இறங்கியது, குழாயில் கருஞ்சிவப்பு ஏறியது.

டோனா ஊசியைப் பார்க்கவில்லை.

எல்சாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.